தண்ணி எந்தப் பக்கம் போவணும்? – ஒரு மினி டிராக்டர்காரன் பட்ட பாடு

மண்ணு மட்டம் அடிக்கிற தொழில்ல, வாடகை பேசுறதுக்கு முந்தியே கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: "தண்ணி எந்தப் பக்கம் போவணும்?" இதுக்கு யாரும் வாயத் தொறந்து பதில் சொல்றதில்ல. மோவாயத் தூக்கிப் பக்கத்து வீட்டைக் காட்டுவாங்க, அவ்ளோதான். மினி டிராக்டரை வச்சுக்கிட்டு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல அல்லாடுற என் சக பாவிங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்ல. மத்தவங்க தெரிஞ்சுக்கட்டும்னு சொல்றேன்.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடுறேன். என் வீடு சிதம்பரம் ரோட்டுக்குக் கிழக்கால ஒரு சின்ன நகர்ல இருக்கு. ஒரு ரூம், ஒரு அடுப்படி, முன்னாடி வண்டி நிக்க ஒரு தகர ஷெட்டு. நகர்லயே பள்ளமான தெரு எங்க தெருதான். அதுலயும் பள்ளம் எனக்குப் பின்வீடு. அதுக்குப் பின்னாடி ஒரு வாய்க்கால். எப்பேர்ப்பட்ட மழை பேஞ்சாலும் அந்த வாய்க்கால் இழுத்துக்கிட்டுப் போயிடும். வாசப்படியைத் தாண்டித் தண்ணி உள்ள வந்ததே கெடையாது. என் பொண்டாட்டி விஜயா ஐப்பசி பொறந்தா சாமியைக் கும்புடுறாளோ இல்லியோ, அந்த வாய்க்காலை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடுவா.

நாலடி கேட்டேன்

டிராக்டருக்குப் பின்னாடி மாட்டுற இரும்புப் பெட்டிக்கு பாக்ஸ் பிளேடுன்னு பேரு. நாங்க பெட்டின்னுதான் சொல்லுவோம். ரெண்டு பக்கமும் தகடு, பின்னாடி மண்ணைச் சீவுற பிளேடு, முன்னாடி தரையைக் கீறுற பல்லு. அடியும் முன்பக்கமும் தொறந்திருக்கும். வண்டி போவப் போவ மேட்டு மண்ணு உள்ள சேரும், பள்ளம் வந்தா கொட்டும். பெட்டி வாங்குறதுக்கு ஒரே கணக்குதான். பின் டயரு ரெண்டோட வெளி அகலத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கணும், அப்பத்தான் டயரு போன தடத்தை அது மூடும். ரொம்பப் பெருசா இருந்தா வண்டி தாங்காது. என் வண்டிக்கு நாலடி போதும்.

திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு கடைக்குப் போயி நாலடிதான் கேட்டேன். நாலடி ஸ்டாக் இல்லன்னு அஞ்சடியைத் தலையில கட்டிட்டாங்க. பெட்டி நெறைய மண்ணு ஏறுனா பின் டயரு நின்ன எடத்துலயே சுத்துது. பெட்டியைத் தூக்குற லிப்ட்டை ஏத்துனா முன் டயரு ரெண்டும் தரையை விட்டு எழும்புது. முன் பம்பர்ல இரும்பு வெயிட்டு மாட்டித்தான் வண்டியைத் தரையில நிறுத்தினேன். ஒரு வாரம் கழிச்சு அந்தக் கடைக்கே போயி சண்டை போட்டேன். அங்க இருந்த சேல்ஸ்மேன் கொஞ்சம்கூட அசரல. "வளர்ற புள்ளைக்குச் சட்டை எடுக்கும்போது ஒரு சைஸ் பெருசாத்தானண்ணே எடுப்பீங்க?"ன்னு கேட்டான்.

வேரே இல்லாத முந்திரித் தோப்பு

காடாம்புலியூர்ல ஒருத்தரு பழைய முந்திரித் தோப்பை வெட்டிட்டு கொட்டாய் போடப் போறதா கூப்புட்டாரு. போன்லயே கேட்டேன், வேரு கெடக்குதா மாமான்னு. சுத்தமா எடுத்தாச்சு மாப்ள, கைய விட்டாலே மண்ணு வரும்னாரு. செம்மண்ணு நல்லா காஞ்சு கெடந்துச்சு, பல்லை ஒரு சாண் எறக்கினேன். மூணாவது இழுப்புல 'டொம்'முன்னு ஒரு சத்தம். வண்டி நின்னுடுச்சு, நான் ஸ்டீரிங்குல போயி நெஞ்சை இடிச்சுக்கிட்டேன். எறங்கிப் பாத்தா என் தொடை மொத்தத்துக்கு ஒரு வேரு, பல்லு ரெண்டு முறிஞ்சு தொங்குது.

அவரு நிதானமா நடந்து வந்தாரு. முறிஞ்ச பல்லைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஏன் மாமா பொய் சொன்னீங்கன்னு கேட்டேன். அவரு மொகத்துல ஒரு வருத்தமும் இல்ல. "இருக்குன்னு சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா மாப்ள?"

சேத்துல ஒரு நாளு

சிதம்பரத்துக்கு இந்தாண்ட ஒரு வயக்காரரு. மூணு நாளு மழை பேஞ்சு அப்பத்தான் விட்டிருந்துச்சு. களிமண்ணு, காலை வச்சா செருப்பு வரமாட்டேங்குது. பெட்டி காஞ்ச மண்ணுக்குத்தாங்க, ஈரக் களி உள்ள ஒட்டிக்கிட்டா கொட்டாது, ஒரு வாரம் காயட்டும்னு சொன்னேன். கேக்கல. சரி, வந்தது வந்தாச்சுன்னு எறக்குனேன். பெட்டியில அப்புன களி அப்பிக்கிட்டே நின்னுச்சு. பின் டயரு பாதி உள்ள போயி, இன்னொரு பெரிய டிராக்டரு வந்துதான் இழுத்து வெளிய விட்டுது.

மம்பட்டியால களியை வழிச்சுப் போடவே பாதி நாளு போச்சு. அவரு வரப்புல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாரு, ஒரு கை குடுக்கல. கெளம்பும்போது கிட்ட வந்து சொன்னாரு: "சேத்துல எறங்க மாட்டேன்னா அப்புறம் எதுக்குங்க டிராக்டர்னு பேரு?"

ஸ்டீபன் சாரோட ஒரு பக்கெட் தண்ணி

இதெல்லாம் பட்டாலும் தாங்கிக்கிட்டேன். எங்க தெருவுலயே வேலை வந்ததுதான் வெனை. ஸ்டீபன் சாரு வீடு எனக்கு மேட்டுப் பக்கம், கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. என் பொண்ணுக்கு ரெண்டு வருஷம் காசு வாங்காம கணக்கு சொல்லிக் குடுத்தாரு. அவரு ரெண்டு லோடு கிராவல் எறக்கி மனையை ஏத்தணும்னு கூப்புட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? வழக்கம் போலக் கேட்டேன், தண்ணி எந்தப் பக்கம் சார் போவணும்னு. சாரு கொஞ்சம் சங்கடப்பட்டாரு. அப்புறம் அவரும் மோவாயத் தூக்கினாரு. அந்தப் பக்கம் என் ஷெட்டு இருக்கு.

போவுது போ, பின்னாடிதான் வாய்க்கால் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இழுத்துக் குடுத்தேன். முடிச்சதும் சாரு ஒரு பக்கெட் தண்ணி கொண்டாந்து மூலையில ஊத்தினாரு. தண்ணி நேரா ஓடியாந்து என் ஷெட்டுக்குள்ள போச்சு. சாருக்கு மொகமெல்லாம் சந்தோஷம், எனக்கு ஒரு மாதிரியா போச்சு. அதைப் பாத்துட்டு மேத்தெருவுல இன்னும் ஆறு வீட்டுக்காரங்க கூப்புட்டாங்க, ஆறையும் நாந்தான் ஏத்திவிட்டேன். அந்த ஆறு வீட்டுத் தண்ணியும் எங்க தெருவுக்குத்தானே சார் வரும்னு ஒரு நாளு கேட்டுட்டேன். சாரு தோள்ல கைய வச்சுச் சொன்னாரு: "வேண்டியவங்க வேண்டாதவங்க பாத்து மட்டம் அடிச்சா வேலை சுத்தமா வராதுப்பா."

மேப்புல இல்லாத வாய்க்கால்

வாய்க்காலுக்கு அந்தாண்ட வயலை ஒரு மனைக்காரரு வாங்கி ப்ளாட்டு போட்டாரு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காரு. ரெண்டு நாளு வேலைன்னு என்னைக் கூப்புட்டாரு. போயி நின்னா, கரை ரெண்டையும் உள்ள இழுத்துத் தரையோட தரையா ஆக்குன்னு வாய்க்காலைக் காட்டுறாரு. அந்த வேலைக்கு என் பெட்டி மாதிரி வேற சாமான் கெடையாது. கரை மண்ணை வாரிக்கிட்டுப் போயி அதே எடத்துல கொட்டிச் சீவிவிட்டா, அங்க வாய்க்கால் இருந்த அடையாளமே தெரியாது.

சார், எங்க தெருத் தண்ணி மொத்தமும் இதுலதான் போவுதுன்னு சொன்னேன். நான் செய்யலன்னா அடுத்த ஆளு செய்வான், வேலையும் போயிடும்னு ஒரு பக்கம் மனசு சொல்லுது. அது பொய்யின்னு சொல்ல மாட்டேன், ஆனா அதையே சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு நாளும் வண்டிய ஓட்டினேன். அடுத்த வாரமே அவரு ஆள் ஒசரத்துக்கு காம்பவுண்டு செவரு எழுப்பிட்டாரு. நான் வாய்க்கால்னு சொன்னதுக்கு அவரு ஒரு காகிதத்தை விரிச்சுக் காட்டிச் சொன்னது இவ்ளோதான்: "எங்க மேப்புல அப்படி எதுவும் இல்லயே தம்பி."

அடுப்படியில தண்ணி

ஐப்பசியில ரெண்டு நாளு விடாம பேஞ்சுது. ரெண்டாம் நாளு மத்தியானம் கட்டில்ல ஒக்காந்து சோத்துல கைய வச்சிருக்கேன், அடுப்படிப் பக்கம் சிலிண்டரு தானா நகருது. எந்திரிச்சுப் பாத்தா முட்டிக்குக் கீழ தண்ணி. ஸ்டீபன் சாரு வீட்டுலேந்தும் அந்த ஆறு வீட்டுலேந்தும், நான் எந்தெந்தப் பக்கம் சரிவா வாட்டம் குடுத்தனோ அந்தந்தப் பக்கமா, கொஞ்சம்கூட வழி தப்பாம வருது. தொழிலைச் சுத்தமா செஞ்சிருக்கேன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

விஜயா அரிசி மூட்டையைத் தூக்கிக்கிட்டு மொட்டமாடிக்கு ஏறினா. செவரு மறைச்சதால இந்த ஐப்பசிக்கு வாய்க்காலைப் பாக்காம விட்டவ, மேலேந்து செவத்துக்கு அந்தாண்ட எட்டிப் பாத்தா, வாய்க்கால் இருந்த எடம் மட்டமா கெடக்கு. கீழ எறங்கி வந்து என்னை ஏசல, அழுவல. ஈரப் பொடவையைப் புழிஞ்சுக்கிட்டே கேட்டா: "அன்னைக்கு ரெண்டு நாளு எங்க வேலைன்னு கேட்டதுக்கு ஒரு மனை வேலைன்னு சொன்னீங்களே, இதுதானா அது?"

எனக்கு நானே

தண்ணி வடிய அஞ்சு நாளாச்சு. ஆறாம் நாளு ரெண்டு லோடு கிராவல் சொன்னேன். ஊருக்கெல்லாம் ஏத்திவிட்டவன் என் வீட்டைச் சுத்தி ஏத்திக்கக் கூடாதா? டிப்பரு மண்ணைக் கொட்டிட்டுப் போவ, பெட்டியை மேல வண்டியோட பிணைக்கிற டாப் லிங்க்கைச் சுருக்கிப் பல்லு கீறுற மாதிரி ஒரு இழுப்பு, அப்புறம் நீட்டி பிளேடு சீவுற மாதிரி ஒரு இழுப்புன்னு நல்லாத்தான் வந்துச்சு. வாட்டம் குடுக்குற நேரம் வந்தப்ப என்னை நானே கேட்டேன், தண்ணி எந்தப் பக்கம் போவணும்னு. மேல ஸ்டீபன் சாரு ஒசரமா நிக்கிறாரு. ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களும் முந்தியே ஏத்திக்கிட்டாங்க. பாக்கி இருக்குறது பின்வீடு ஒண்ணுதான். எனக்கும் மோவாயி தானா தூக்கிக்கிச்சு.

பின்வீட்டுல எஸ்தர்னு ஒரு பொண்ணு, புருஷன் இல்ல. இட்லி மாவு அரைச்சுப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் குடுக்குது. அந்த வீட்டுல பொழப்புன்னா அந்தக் கிரைண்டருதான். மொத மழைக்கு அதை மேசை மேல ஏத்திக் காப்பாத்திடுச்சு. காலையில பத்து மணிக்கு அது கடைகளுக்கு மாவு குடுக்கப் போயிருக்கும்னு எனக்குத் தெரியும். பத்து மணியாப் பாத்துத்தான் வண்டிய எடுத்தேன். அடுத்த நடை மண்ணோட வந்த டிப்பரு டிரைவரு கொஞ்ச நேரம் பாத்துட்டுக் கேட்டாரு: "பின்வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாண்ணே?"

எஸ்தர்

கார்த்திகை மழையில என் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல. எல்லாம் பின்னாடி போச்சு. இந்தத் தடவை மேசையும் பத்தல, கிரைண்டரு மோட்டாருக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. பின்வீட்டுல சத்தம் கேட்டு விஜயா மட்டும் போயி பாத்துட்டு வந்தா. நான் போவல. என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?

நாலாம் நாளு காலையில எஸ்தரே வந்துச்சு. வரும்போது எப்பவும் கையில ஒரு மாவுப் பாக்கெட்டு இருக்கும், அன்னைக்கு வெறுங்கை. பொடவைக் கரையெல்லாம் சேறு. சண்டைக்குத்தான் வருதுன்னு நெனச்சு நானும் உள்ளுக்குள்ள பதில் தேடிக்கிட்டு இருந்தேன். அது ஷெட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, அண்ணே, வண்டி ஒரு மணி நேரம் வேணும், எங்க வீட்டையும் ஏத்திவிட முடியுமான்னு கேட்டுச்சு. சரிம்மான்னேன். பாழாப்போன பழக்கம், வாயி அதுபாட்டுக்குக் கேட்டுடுச்சு, தண்ணி எந்தப் பக்கம் போவணும்னு. எஸ்தர் யாரு வீட்டுப் பக்கமும் மோவாயத் தூக்கல. கைய நீட்டி அந்தக் காம்பவுண்டு செவத்தைக் காட்டுச்சு. "யாரு வீட்டுக்கும் போவ வேணாண்ணே. செவத்துக்கு அந்தாண்ட நம்ம வாய்க்கால் இருந்துச்சுல்ல, அதைத் தோண்டி அதுல வழிய விட்டுடுங்க."

பள்ளத்தை மூடச் சொல்லி இந்தக் கடலூரு வட்டாரத்துல என்னைக் கூப்புடாத ஆளு இல்ல, மூடுனதைத் தோண்டச் சொல்லி மொத மொதல்ல வந்தது எஸ்தர்தான், ஆனா என் தலையில கட்டுன அஞ்சடிப் பெட்டிக்குத் தோண்ட மட்டும் தெரியாது.