கை தவறி எழுதிய இனிஷியல்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. "சித்தி, அம்மாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, நல்லதா எழுதுங்க" என்று அக்காவின் மூத்த மகன் கேட்டான். நல்லதாக எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. இரண்டு பக்கத்தில் நிறுத்துவதுதான் சிரமம்.

அக்கா அடி அண்ணாமலையில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். எனக்கு ஏழு வயது மூத்தவர். அக்கா பத்தாம் வகுப்புப் படித்தபோது அம்மா தவறிவிட்டார். அதன்பின் உலை வைத்து, எனக்குச் சடை பின்னி, அப்பாவுக்குக் கூழ் கரைத்து வைத்துவிட்டுத்தான் அக்கா திருவண்ணாமலைப் பள்ளிக்கு நடப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நிலத்துக் கிணற்றில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பார். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கென்று இருந்தது.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனாலேயே வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தபோது, பட்டச் சான்றிதழ்களில் பெயர் எழுதும் பிரிவில் உட்கார வைத்தார்கள். விடுதியில் தங்கி, மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சான்றிதழிலும் பெயரைப் பேனாவால்தான் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. ஆண்டுக்கணக்கில் எழுதியும் ஒரு தாளைக்கூட அக்கா பாழாக்கியதில்லை. இடையில் அங்கேயே அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கவும் சேர்ந்தார்.

"எத்தினி நாளைக்குத்தான் ஊரார் பேருக்கே பி.ஏ. எழுதறது? என் பேருக்கும் ஒரு தடவ எழுதிப் பாக்கறேன்" என்றார்.

நான் சொல்ல வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு கோடையைப் பற்றி. பங்குனியில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை திருவண்ணாமலை டவுனில் பள்ளி ஆசிரியர். இன்று நாங்கள் மாமா என்று அழைப்பவர். வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. நடுவில் சித்திரையில் அலுவலர் சங்கத்தார் சாத்தனூர் அணைக்குச் சுற்றுலா வந்தார்கள். பக்கம்தானே என்று அக்கா என்னையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டார்.

பூங்காவின் நீச்சல் குளத்தில் ஆண்களுக்கு நீச்சல் போட்டி என்றும், பெண்களுக்கு மரத்தடியில் இசை நாற்காலி என்றும் சங்கச் செயலாளர் அறிவித்தார். அக்கா எழுந்தார்.

"நாற்காலிய சுத்தி ஓடறதுக்கு ஆபீஸே போதுமே சார். அதுக்கு எதுக்கு அணைக்கு வரணும்?"

"உனக்கு நீச்சல் தெரியுமாம்மா?"

"கெணத்துல கத்துக்கிட்டேன் சார். இது ஆழம் கம்மி."

புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஆண்களோடு வரிசையில் நின்றார். நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அலுவலக ஓட்டுநர் முதலாவதாக வந்தார், அக்கா இரண்டாவது. மற்ற ஆண்கள் தண்ணீர் சில்லென்று இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். சித்திரை வெயிலில்!

சேதி எங்களுக்கு முன்னே டவுனுக்குப் போய்விட்டது. மறுவாரமே மாமாவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை அத்தை என்போம்.

"இன்னாங்க அண்ணே இது? நிச்சயம் பண்ண பொண்ணு ஆம்பளைங்களோட தண்ணியில குதிச்சிச்சாமே. சரி, நடந்தது நடந்துடுச்சு. நான் பெரிசு பண்ணல. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் வேலை வேணாம். வெளியில போனா இந்த மாதிரிதான் ஜாஸ்தியாவும்."

அப்பா தலையாட்டத் தயாராக இருந்தார். தாயில்லாப் பெண், கல்யாணம் நின்றுபோனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அக்கா மட்டும் அமைதியாக, "பட்டமளிப்பு முடியட்டுங்க அத்தை, பதில் சொல்றேன்" என்றார். அந்த ஆண்டு பட்டம் வாங்குவோரில் அவரும் ஒருவர்.

வேலை, கல்யாணம் இரண்டில் ஒன்றைத்தான் அன்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வேலையை விடுவதில்லை என்று அக்கா முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரியும். மாமாவை அவருக்குப் பிடித்திருந்ததும் தெரியும். மாமாவின் மனத்தில் என்ன இருந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் இருவரும் தனியாகப் பேசிக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

பட்டமளிப்பு விழாவுக்கு அப்பாவோடு நானும் போனேன். பேருந்து நிலையத்தில் மாமா காத்திருந்தார். "பட்டம் வாங்கறத பாக்கறதுல இன்னாம்மா தப்பு?" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அக்கா கறுப்பு அங்கியில் மேடையேறி இறங்கினார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விழா முடிந்ததும் அக்காவின் பிரிவுக் கண்காணிப்பாளர் எங்களைத் தம் அறைக்கு அழைத்துப் போனார்.

"மாப்பிள்ளை நீங்கதானா? உங்களாலதான் எனக்கு ஒரு தாள் பாழ்" என்று சிரித்தபடி ஒரு சான்றிதழை மேசையில் வைத்தார். அக்காவின் பங்குக்கு வந்த சான்றிதழ்க் கட்டுக்குள் அவருடையதும் இருந்திருக்கிறது. தம் பெயரைத் தாமே எழுதியிருக்கிறார். ஆனால் அப்பாவின் இனிஷியல் இருக்க வேண்டிய இடத்தில் மாமா பெயரின் முதல் எழுத்து இருந்தது! எண் அச்சிட்ட தாள் என்பதால் கிழித்துப்போட முடியாது. வேறு தாளில் எழுதிக்கொண்டு, பாழானதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காவின் விளக்கத்தைக் கண்காணிப்பாளர் உரக்கப் படித்தார்.

"அடுத்த மாதம் முதல் எழுத வேண்டிய எழுத்து, கை தவறி இந்த மாதமே வந்துவிட்டது. வருந்துகிறேன்."

அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை ஊர் திரும்பியதும் எங்களையும் கூட்டிக்கொண்டு நேராகத் தம் வீட்டுக்குப் போனார்.

"அம்மா, பி.ஏ. பட்டத்துல என் பேரு எழுத்த போட்டு எழுதியிருக்காங்க. அந்த கைய வேலைய விட்டு நிறுத்துனு சொல்ல எனக்கு வாய் வராது. நான் அவங்க வேலை பாக்கற ஊருக்கு மாத்தல் கேக்கறேன்."

அத்தை மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் கல்யாணப் புடவை எடுக்க எப்போது போகலாம் என்று கேட்டு அனுப்பினார்.

மாமா மாற்றல் வாங்கினார். அக்கா ஓய்வு பெறும்வரை அந்தப் பிரிவிலேயே இருந்தார். பிள்ளைகள் இருவரையும் வளர்த்துக் கொடுத்தவர் அதே அத்தைதான். "என் மருமவ எழுதினாத்தான் அது பட்டம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஓய்வுக்குப் பின் இருவரும் திருவண்ணாமலைக்கே வந்து செங்கம் சாலைப் பக்கம் வீடு கட்டிக் குடியேறினார்கள். கடைசி மூன்று மாதம் அக்கா படுக்கையில் இருந்தார். ஒரு நாள் காலை மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விளையாட்டாகக் கேட்டேன்.

"ஏங்க்கா, அவ்ளோ பேரு எழுதின. உன் பேருல மட்டும் எப்படி கை தவறிச்சு?"

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "தவறுமா? அவர்கிட்ட பேச எனக்கு வேற இன்னா வழி இருந்துச்சு சொல்லு. அந்த தாள அவருக்கு காட்டுங்கனு சார்கிட்ட சொன்னதே நான்தான். மாமாகிட்ட சொல்லிடாதடி. கை தவறிடுச்சுனு நெனச்சுதான் மனுஷன் அவ்ளோ சந்தோஷமா இருக்காரு."

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், தள்ளாத வயதிலும் பேருந்து ஏறி வந்து பார்த்த அலுவலகத் தோழிகளுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

மாமா, உங்களுக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் அக்கா சொல்ல வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அது கை தவறியதல்ல.