நகராட்சி வைத்த முகூர்த்தம்

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெருவை இடிக்க வருகிறார்கள் என்று நகராட்சி ஆள் தமுக்கடித்துவிட்டுப் போனபோது, நான் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. கோவில்பட்டி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஓடைப் புறம்போக்கில் வரிசையாக ஓலைக் குடிசைகள். விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கம் மழை பொய்த்துப் பிழைக்க வந்தவர்கள் போட்டவை. நான் பிறந்ததே அங்கேதான்.

ஆண்கள் வக்கீலைப் பார்க்க ஓடினார்கள். திங்கட்கிழமைதான் கோர்ட்டில் மனுவை எடுப்பார்கள், அதுவரை எப்படியாவது சமாளியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர். எப்படிச் சமாளிப்பது? இடிக்க வரும் லாரி முன்னால் படுக்கலாம் என்றார்கள் சிலர். என் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளையும் அதே தெருதான். மைக்செட் கடையில் வேலை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ரெக்கார்டு போடுகிறவர்.

"வெள்ளிக்கிழமையே தாலியக் கட்டிருவோம். கல்யாண வீட்டுல எவன் கை வைப்பான்?" என்றாள் அம்மா.

அது ஆடி மாதம். ஆடியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? மாப்பிள்ளையின் தாயார் அழவே ஆரம்பித்துவிட்டார். அம்மா அசரவில்லை. "ஆடின்னு பாத்துக்கிட்டு இருந்தா, ஆவணியில தாலி கட்ட வாசல் இருக்காது மதினி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்புதான். ஆனால் வெள்ளிக்கிழமை வரை நிற்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தெருவின் வாயை அடைத்துப் பந்தல் போட்டார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார். லாரி வந்து நின்றபோது பாட்டுச் சத்தத்தில் அதன் ஹாரன் யாருக்கும் கேட்கவில்லை. கடப்பாரையோடு ஆட்கள் குதித்தார்கள். அவர்களோடு வந்த நகராட்சி ஓவர்சியர் பந்தலையும் மணையில் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆடி மாசத்துல எவன்மா கல்யாணம் வைப்பான்?" என்று கேட்டார்.

"நீங்க வச்ச நாள்தானே அண்ணாச்சி" என்றாள் அம்மா. "வாங்க, உக்காருங்க."

அவர் என்ன சொல்ல வந்தாரோ, அதற்குள் காற்று எழுந்துவிட்டது. கரிசல் மண்ணை வாரிக்கொண்டு வரும் ஆடிக்காற்று. பந்தல் அப்படியே தூக்கிக்கொண்டது. என் மாலை பறந்துபோய் லாரி டிரைவர் மடியில் விழுந்தது. ஒரு பந்தல்கால் பிடுங்கிக்கொண்டு மணையின் மேல் சாய, இடிக்க வந்தவர்களே ஓடிவந்து பிடித்தார்கள். அதில் ஒருவர் கடப்பாரையைத் தரையில் ஓங்கி இறக்கிப் பந்தல் கயிற்றை அதில் இழுத்துக் கட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் இறக்கினார்கள். நகராட்சிக் கடப்பாரைகள் சுற்றிலும் நின்று காவல் காக்க, கண்ணெல்லாம் புழுதியோடு மாப்பிள்ளை என் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். குலவைச் சத்தத்துக்கு நடுவே நான் வாய்விட்டுச் சிரித்தேன். மணப்பெண் இப்படியா சிரிப்பாள் என்று பின்னாலிருந்து யாரோ கிள்ளினார்கள்.

ஓவர்சியர் முதலில் சாப்பிட மறுத்தார். பாயசம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். பந்தலைப் பிரிக்காமல் கடப்பாரையை எப்படி எடுப்பது என்று அவருடைய ஆட்களே கேட்டார்கள். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. வெறும் லாரி திரும்பிப் போனது.

ஆடியில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று அன்றைக்கே மாப்பிள்ளையை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் அம்மா. அதில் மட்டும் முறை தவறக் கூடாதாம். காலையில் வேலைக்குப் போகும்போது என் புருஷன் எதிர்க் குடிசை வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் இரண்டாவது சனி, நகராட்சி ஆபீஸுக்கு லீவு. திங்கட்கிழமை தடையுத்தரவு கிடைத்தது. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் மேட்டுப் பக்கம் இருந்தவர்களுக்குப் பட்டா தந்தார்கள். ஓடையை ஒட்டி இருந்தவர்களுக்கு எட்டயபுரம் ரோட்டில், ஊருக்கு வெளியே இடம் காட்டினார்கள். எங்கள் வீடு மேட்டில் தப்பியது. என் புருஷன் வீடு ஓடைப் பக்கம் இருந்ததால் போனது. மாமியார் எங்களோடு வந்துவிட்டார். எங்கள் குடிசை இருந்த அதே இடத்தில் மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்தபோது நான் மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்தேன். வேலை செய்ய வேண்டாம் என்று அத்தனை பேரும் சொல்லியும் கேட்காமல், ஓடு எடுத்துக் கொடுத்தேன்.