இல்லாத பாஷைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

“கேப்டன், கப்பல எங்க நிறுத்தினீங்க?” என்று கேட்டபடி ஆமாக்கா தரையில் மண்டியிட்டு அந்த மனிதரின் பேன்ட் காலை மடிக்கிறாள். அவர் கேப்டனும் இல்லை, கப்பலைக் கிட்டத்தில் பார்த்தவரும் இல்லை. வங்கியில் வேலை. புதுப் பேன்ட்டின் உயரத்தைக் குறைக்க வந்தவர். எதிரே இருக்கும் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

“வெளியிலதான். ரெண்டு ஸ்கூட்டருக்கு நடுவுல.”

“ஆமா, அங்கதான் நங்கூரம் நல்லா பிடிக்கும். சரக்கு நனஞ்சிருக்குமே?”

“அதெல்லாம் நனையாது. தார்ப்பாய் போட்டு மூடிட்டேன்.”

அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டார். ரசீதோடு வெளியே போகும்போது அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். ஞாயிறு மாலை, நூலக மாடி, அனுமதி இலவசம்.

உடுப்புகளைப் பிடித்துத் தருவதும் தளர்த்தித் தருவதும் ஆமாக்காவின் தொழில். மற்ற நேரமெல்லாம் அவள் ஒரு நாடகக் குழுவுக்கு ஆள் பிடிக்கிறாள். எழுதி வைத்த வசனம் இல்லாமல் நடிக்கிற குழு அது. பார்க்க வந்தவர்கள் ஒரு இடத்தைச் சொன்னால் போதும், அந்த நிமிடமே காட்சி ஆரம்பித்துவிடும். லாப நோக்கமற்ற குழு என்று முறையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நோக்கம் இருந்திருந்தாலும் லாபம் வந்திருக்காது, அது வேறு விஷயம். அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எதிரில் நிற்பவர் என்ன சொன்னாலும் ‘ஆமா’ என்று ஏற்றுக்கொண்டு, அதன்மேல் தானும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘இல்ல’ என்றால் காட்சி அங்கேயே படுத்துவிடும். இவள் அந்தச் சட்டத்தைக் கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அவளுக்கு நடிப்பு சுத்தமாக வராது, பாவம். வசனத்துக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். ஆனால் அவள் வருவதற்கு முன்பு அந்தக் குழுவின் நிலைமையைக் கேட்டால் நமக்குத்தான் சிரிப்பு வரும். மேடையில் எட்டுப் பேர் நடிப்பார்கள், எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் மூன்று பேர் நடிப்பவர்களின் அம்மாக்கள். குழுவின் தலைவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் பெரிய பேனர் ஒன்று கட்டலாம் என்றபோதுதான் ஆமாக்கா வாயைத் திறந்தாள்.

“பேனரப் பாத்துட்டு யாரு சார் வந்திருக்கா? எங்கயாவது காத்துக்கிட்டு இருக்கறவங்களாப் பாத்துப் பிடிக்கணும். அவங்களாலதான் எந்திரிச்சுப் போக முடியாது.”

அன்றிலிருந்து குழு, ஜனங்கள் காத்துக்கிடக்கும் இடங்களைத் தேடிப் போகிறது. சலவைக் கடையில் இயந்திரம் சுற்றி முடிப்பதற்குள் ஒரு கல்யாணமே நடத்திவிடுகிறார்கள். பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் ஓட்டுநர்கள் பயணிகளாகி, சில்லறைக்குச் சண்டை போட்டு, தங்களைத் தாங்களே திட்டித் தீர்த்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சைக்கு வந்தவர்களிடம் ஆமாக்கா, “இது ராஜா வீட்டுக் கூரை. வெள்ளையடிச்சு முடிக்காம யாரும் கைய இறக்கப்படாது,” என்றாள். சிகிச்சை தரும் பெண் முதலில் முறைத்தாள். அரை மணி கழித்து அவளே வந்து, “நாளைக்கும் வருவீங்களாக்கா? நான் கெஞ்சினாக்கூட இவ்வளவு உயரம் தூக்க மாட்டாங்க,” என்றாள். “ஆமா, ராஜாவுக்கு ரெண்டாவது வீடு ஒண்ணு இருக்கு,” என்று ஆமாக்கா ஒப்புக்கொண்டாள்.

இப்படி ஊரையே பேச வைத்தவளுக்கு வீட்டில் ஒரு கதவு மட்டும் திறக்கவே இல்லை. அது அவளுடைய அண்ணன் அறைக் கதவு. பாத்திரக் கடையில் விற்பனையாளராக இருந்தவர் அவர். ஒரு மூடி வாங்க வந்தவரிடம் அடுப்பையே விற்று அனுப்புகிற வாய். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் தேறியது. பேச்சு மட்டும் தாறுமாறாகிவிட்டது. மனதில் ஒன்று இருக்கும், வாயில் வேறு ஏதோ சத்தம் வரும். கோர்வையாய் ஒரு வார்த்தை வர வெகுநேரம் ஆகும். அவர் “த” என்று ஆரம்பித்தால் ஆமாக்கா தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். பாசம்தான், வேறென்ன. ஒரு நாள் அவர் கேட்டது தலையணை. டம்ளரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆள் வந்தால் அறையை விட்டு வருவதில்லை. நண்பர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆமாக்காவுக்கு அந்த ஒரு துக்கம் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அண்ணன் மறுபடி நாலு பேர் நடுவில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதற்கென்று அவள் திட்டம் எதுவும் போடவில்லை. வாய்தான் காரியத்தைக் கெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் வெள்ளையடிக்கிறார்கள் என்று பூட்டிவிட்டார்கள். வாசலில் குழுவும், பணிமனை ஓட்டுநர்களும், சிகிச்சைப் பெண்ணும் போவதற்கு இடமில்லாமல் நின்றார்கள். “உங்க வீடு பக்கத்துலதானேக்கா? அங்க வெச்சுக்கலாமா?” என்று ஒரு ஓட்டுநர் கேட்டார்.

“ஆமா, ஜமுக்காளம்கூட இருக்கு,” என்றாள் ஆமாக்கா. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

“ஊருக்கெல்லாம் அளவெடுக்கற. இந்தக் கூடத்துக்கு ஒரு அளவெடுத்திருக்கக் கூடாதாடி?” என்று வீட்டு வாசலிலேயே அவளை மறித்து அண்ணி அடிக்குரலில் கடிந்துகொண்டாள். “அவரு பாத்தா என்ன ஆகும்? இருக்கற ரெண்டு வார்த்தையும் நின்னுபோயிடும்.”

“ஆமா அண்ணி,” என்றாள் ஆமாக்கா. கூட்டம் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. அவள் போய் அண்ணன் கதவை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சாத்திவிட்டு வந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

அன்று அவர்கள் எடுத்த விளையாட்டு ‘இல்லாத பாஷை’. ஒருவர் உலகத்தில் எங்குமே இல்லாத மொழியில் பேச வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அதை நமக்கு மொழிபெயர்க்க வேண்டும். ஓட்டுநர் ஒருவர் வெளிநாட்டு மந்திரியாகி “லபக்கோ சிமிட்டா” என்று முழங்க, மெக்கானிக் அதை, “எனக்கு ஜன்னலோர சீட் வேணும்கிறார்,” என்று மொழிபெயர்க்க, கூடம் குலுங்கியது. அந்தச் சிரிப்பில் ஆமாக்காவின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சட்டை மாற்றியிருந்தார். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஆமாக்கா அவரை மறைக்க எழப் பார்த்தாள். ஆனால் அந்தக் குழுவில் இன்னொரு வழக்கம் உண்டு. காட்சி நடக்கும்போது யார் உள்ளே வந்தாலும் அவரும் காட்சியில் ஒருவர்தான். அதனால் மெக்கானிக் சட்டென்று, “மந்திரி ஊரு வியாபாரி வந்துட்டாரு. வழி விடுங்க,” என்றார்.

அண்ணன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். இடது கையால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கினார். தட்டினார், திருப்பினார், வெளிச்சத்தில் காட்டினார். பிறகு பேச ஆரம்பித்தார். அந்த வீட்டில் ஒரு வருடமாக எல்லோரையும் அழவைத்த அதே தாறுமாறான சத்தம்தான், இப்போது தங்குதடையில்லாமல் கொட்டியது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார், ரகசியம் சொல்வதுபோலக் குரலை இறக்கினார், முக்காலியின் காலைச் சுண்டிக் காட்டினார். பாத்திரக் கடை மனிதர் முழுசாகத் திரும்பி வந்திருந்தார். கூடம் கைதட்டியது. “அண்ணே, சிவப்புல இருக்கா?” என்று கேட்டார் ஒரு ஓட்டுநர். அண்ணன் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கி, அந்த வருத்தத்துக்கும் ஒரு நீளமான விளக்கம் தந்தார். அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். ஆமாக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் மறைத்தது.

“அக்கா, நீங்க மொழிபெயருங்க,” என்றார்கள். அவள் எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

“இதுல உக்காந்தா முதுகுவலியே வராதுங்கறாரு.”

அண்ணன் தலையை ஆட்டினார். அது இல்லையாம்.

“நாலு காலுக்கும் தனித்தனி உத்தரவாதமாம்.”

முக்காலிக்கு மூன்றே கால். கூடம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. முக்காலியைக் கீழே வைத்தார். விரலைத் தூக்கித் தங்கையை நிறுத்தினார்.

“இ... இல்ல,” என்றார், தெளிவாக.

அந்தக் குழுவில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை. அவர் முக்காலியையே பார்த்தபடி மறுபடி முயன்றார். “இது... வ... வ...”

வண்டியா, வாளியா, வயலினா? எல்லாம் ஆமாக்காவின் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். எப்போதும்போலத் தோளில் குத்தியிருந்த குண்டூசிகளில் இரண்டைப் பிடுங்கி, விளிம்பு மடிக்கும்போது வைத்துக்கொள்வதுபோல உதடுகளுக்கு நடுவே கடித்துக்கொண்டு, அடுத்த எழுத்து அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று அவர் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.