நாங்கள் உட்காராத வண்டி

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒரு கார் கம்பெனி இருந்தது. வெளிநாட்டுக்காரனுடைய கம்பெனி. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அறுபதுகளில் நான் அங்கே சீட்டு தைத்தேன். ரெக்ஸின் உறை தைத்து, உள்ளே கயிறு வைத்து ஓரம் கட்டி, தேங்காய் நார் மெத்தையின்மேல் இழுத்து மாட்டுகிற வேலை. பெண்பிள்ளைகள் வேலை பார்த்த ஷெட் அது ஒன்றுதான்.

அந்த வேலை எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. காரியம் முடிந்த கையோடு, பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலையாக இருந்த என் அண்ணன், என் தட்டுமுட்டுச் சாமான்களைத் தன் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப்போக ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் போகவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் நான் என்னவாக இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் துணியையும் துவைக்கிறவள். ஒரு விசேஷம் என்றால் சமையல்கட்டைவிட்டு வெளியே வராதவள். ராயபுரத்தில் ஒரு சந்தில் எனக்கென்று வாடகைக்கு ஓர் அறை இருந்தது. அதன் கதவை நான் திறந்தால் திறக்கும், நான் சாத்தினால் சாத்திக்கொள்ளும். அதை விட மனமில்லை.

"பொம்பள தனியா ரூம்பு எட்துகினு கீறது நல்லாவா கீது? ஊரு இன்னா பேசுது தெரியுமா?" என்பார் அண்ணன், வரும்போதெல்லாம்.

"ஊரு பேசறதுக்கு நான் வாடக குடுக்கலண்ணே. ரூம்புக்குத்தான் குடுக்கறேன்."

கம்பெனி இருக்கிறவரைக்கும் அப்படிப் பேச முடிந்தது.

சீட்டு தைக்கிற எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்பெனி போட்டதில்லை, நாங்களே வைத்துக்கொண்டது. விலைக்குப் போகிற சீட்டில் தைத்தவள் உட்காரக் கூடாது. வாங்குகிறவன் உட்காரும் முன்னால் நாம் உட்கார்ந்தால் சீட்டு எச்சில் ஆகிவிடும், வண்டி விலை போகாது. வண்ணாரப்பேட்டைத் தையல்கடைகளில் ஊறியவர்கள் கொண்டுவந்த வழக்கம் அது. ஊரான் ரவிக்கையைத் தைத்து முடித்தால் அதை நம் மேல் வைத்துக்கூடப் பார்க்க மாட்டோம், அப்படித்தான் இதுவும். உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதில் உள்ளங்கையால் அழுத்துவோம், முழங்கையை ஊன்றுவோம், குனிந்து தையல் முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்போம். வண்டியை ஷெட்டைவிட்டு வெளியே எடுக்கிற டிரைவர்கூடக் கோணிச் சாக்கை விரித்துத்தான் உட்காருவார். ஒருநாள் சாக்கை மறந்துவிட்டார். எனக்கு அடுத்த மிஷின்காரி கத்தின கத்தலில் ஆள் குதித்துக் கீழே இறங்கினார்.

அந்த அடுத்த மிஷின்காரியைச் சொல்ல வேண்டும். ராயபுரம் மாதா கோயில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். என்னைவிட இளையவள். புருஷன் கட்டுமரக்காரன். என்னை அக்கா என்பாள். கை ஒருபக்கம் ஓடும், வாய் ஒருபக்கம் ஓடும்.

வண்டி என்னவோ அழகாகத்தான் இருந்தது. அதன் உயிர் மட்டும் கப்பலில் வர வேண்டியிருந்தது. கியர்பாக்ஸைக் கம்பெனிக்காரன் தன் நாட்டிலிருந்து கொண்டுவந்தான். எல்லாவற்றையும் இங்கேயே செய் என்றது சர்க்கார். செய்கிறேன், அதற்கு மிஷின் போட வேண்டும், வண்டி விலையை ஏற்ற விடு என்றான் அவன். விலையை ஏற்றாதே என்றது சர்க்கார். இதற்கு நடுவில் கப்பல் சாமானுக்கு லைசென்ஸ் நின்றுபோனது. இதெல்லாம் எங்கள் மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கம்பெனி போகிறதா, இருக்கிறதா என்பதுதான் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் எந்நேரமும் பேச்சு.

"போனா போவட்டும்பா. நம்ம ஆளு எட்து நட்த்துவான்" என்றார் லேத்துக்காரர் ஒருவர்.

"நீதான் எட்து நட்த்தேன் மாமு" என்றாள் என் பக்கத்து மிஷின் தோழி. "உன் சைக்கிளுக்குச் செயின் மாட்டத் தெரியல. கியர்பாக்ஸ் செய்யப் போறியா?"

கடையே சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. "அவன் மட்டும் நஷ்டத்துல ஓட்டிகினே கீணும்னு இன்னா தலையெழுத்து? விக்காத கடைய எவன் தொறந்து வெப்பான்?" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். நான் மனசுக்குள் வாடகைக் கணக்குப் போட்டேன்.

கியர்பாக்ஸ் வராவிட்டாலும் மற்ற வேலையை நிறுத்தவில்லை. உடம்பு செய்தார்கள், பெயிண்ட் அடித்தார்கள், விளக்கு மாட்டினார்கள், நாங்கள் சீட்டு மாட்டினோம். முடிந்ததைத் தள்ளிக்கொண்டுபோய்க் காம்பவுண்டுக்குள் வெட்டவெளியில் நிறுத்தினார்கள். வரிசை வரிசையாக, எல்லாம் ரோட்டைப் பார்த்து நின்றன. பார்த்தால் முழு வண்டி. தள்ளாமல் ஓர் அடி நகராது. கடைசியில் தைக்க ரெக்ஸினும் தீர்ந்தது. உப்புக்காற்று தகரத்தைத் தின்கிறது என்று எங்களைத் துடைக்க அனுப்பினார்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியோடு காலையில் போய் வண்டி வண்டியாகத் துடைப்போம்.

முதலில் அது விளையாட்டாக இருந்தது. "இதுங்களுக்கு எப்போதான் மாப்ள வருவானோ" என்று தோழி ஒவ்வொன்றுக்கும் கன்னம் தடவி விடுவாள். பிறகு ஒருநாள் காலை அவள் என்னைக் கூப்பிட்ட குரலில் விளையாட்டு இல்லை.

"எக்கா, இங்க வந்து பாரு. உள்ள யாரோ மூச்சு வுட்டுகினு கீறா மாரி கீது."

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. முழுக் கண்ணாடியிலும் இல்லை. உட்கார்ந்த ஆளின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் மட்டும். அடுத்த வண்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். வெளியிலிருந்து துடைத்தால் போகவில்லை. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேஸ்திரி வந்து பார்த்து, "அது நாரு ஈரம்மா. வெயில் ஏறினா போயிடும்" என்றார். வெயில் ஏறியதும் போகவும் செய்தது. காரணம் தெரிந்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. அதன் பிறகு தினமும் காலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கண்ணாடி துடைத்தேன். கதவு ஒன்று காற்றில் க்ளிக் என்றால்கூட யாரோ இறங்குகிறார்கள் என்று கழுத்துக் குறுகுறுக்கும். அங்கே யாரும் சாகவில்லை. செத்த இடத்துப் பயம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கிடந்த அதே அறையில்தானே நான் படுக்கிறேன். இது வேறே. இன்னும் வராதவர்கள் உள்ளே உட்கார்ந்து காத்திருக்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த நாட்டிலிருந்து பெரிய துரை வந்தார். கம்பெனியை வைப்பதா, மூடுவதா என்று பார்த்துவிட்டுப் போக வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஷெட்டைப் பெருக்கிக் கழுவினோம். தோழி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். நானும் ஒற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

துரை உயரம். வயசானவர். வேர்க்குரு கழுத்தெல்லாம் சிவந்து கிடந்தது. கூட வந்தவர்கள் முன்னால் போய்க்கொண்டிருக்க, அவர் மட்டும் என் மிஷினருகே நின்று, நான் ஓரம் கட்டிய சீட்டின்மேல் விரலை ஓட்டினார். முனையில் துணி மடிந்து திரும்புகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் கை தெரியும். அங்கே வந்ததும் விரல் நின்றது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அன்றைக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்வது.

பிறகு எங்களை எல்லாம் வெளியே வரச் சொன்னார். துரை பார்ப்பதற்காக, கையிருப்பில் இருந்த கியர்பாக்ஸை மாட்டி உயிர் வைத்த வண்டி ஒன்று, புத்தம்புதுசு, கழுவி நிறுத்தியிருந்தது. அவரே பின்கதவைத் திறந்தார். உட்காருங்கள், கேட்டுவரைக்கும் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று கையைக் காட்டினார். நீங்கள் செய்ததில் நீங்கள் போங்கள் என்று நினைத்திருப்பார்.

நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பின்வாங்கினோம்.

பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. கையைக் கூப்பிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனோம், அவ்வளவுதான். அவர் சிரித்தபடி மறுபடி கையைக் காட்டினார். நாங்கள் இன்னும் ஓர் அடி பின்னால் போனோம். அந்த வண்டி விலை போக வேண்டும் என்று எங்களைவிட ஆசைப்பட்டவர் அந்தக் காம்பவுண்டில் யார்? வேறு ஒரு நாளாக இருந்தால் தோழி வீம்புக்காவது ஏறி உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குப் போய் அதை எச்சில் பண்ணுவோமா?

துரை மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். மேஸ்திரிக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். உட்கார மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை.

அப்போது துரையின் முகத்தைப் பார்த்தேன். வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, எங்களைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து நின்ற அந்த வரிசைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். சத்தம் வராமல், தூங்குகிற பிள்ளை இருக்கிற அறைக் கதவைச் சாத்துவதுபோல.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

"அது முன்னயே முடிவான விஷயம். கப்பல் ஏறும்போதே முடிச்சிகினுதான் வந்தாரு" என்றார் மேஸ்திரி. தோழி ஒத்துக்கொள்ளவில்லை. "செஞ்சவளுங்களே ஒக்கார மாட்டேன்றாளுங்கன்னா, அந்தாளு இன்னா நெனப்பாரு நைனா? நீ சொல்லு, இன்னா நெனப்பாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 

நாங்கள் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். முறை முறைதான். கம்பெனிக்காரன் போனதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். சரக்கு ஓடாத வியாபாரி கடையைக் கட்டத்தான் செய்வான். ஆனால் அந்தக் கதவைத் துரை சாத்தின விதம் என்னை விடவில்லை. எந்த வீட்டிலாவது நாற்காலியைக் காட்டி "உட்காரும்மா" என்றால், ஒரு நொடி அந்த முகம் வந்து நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

கம்பெனி மூடிய சேதி கேட்டு அண்ணன் வந்தார். இந்தத் தடவை கைவண்டியோடு. அதட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கெளம்புமே. இனிமே இன்னாத்த வெச்சிகினு இருப்ப? உன் அண்ணி எடம் ஒழிச்சி வெச்சிக்கீறா."

"எங்கண்ணே? சமையக்கட்டுலயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லத் தெரியாதவர்.

அதற்கு முன்தினம்தான் நான் வண்ணாரப்பேட்டைக்குப் போய், ரிக்‌ஷாவுக்கு மேல்கூடும் மெத்தையும் தைத்து விற்கிற ஒரு பாயின் கடைவாசலில் நின்றிருந்தேன். பொம்பளைக்குக் கடையில் வேலை இல்லை என்றார். கடையில் வேண்டாம் பாய், வீட்டுக்குக் கொடுங்கள் என்றேன். என் கையையும் நான் மடித்துக் காட்டிய முனையையும் பார்த்துவிட்டு, ஒரு சுருட்டு ரெக்ஸினைத் தூக்கிப் போட்டார். அது அறையின் மூலையில் இருந்தது. அண்ணனுக்கு அதைக் காட்டினேன். அண்ணன் அதைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இதுல வாடக வருமா?"

"வராட்டி நானே வந்து உன் வூட்டுக் கதவத் தட்றேன். நீ வந்து இட்டுகினு போவாத."

கைவண்டிக்காரர் வெளியே பீடி பிடித்து முடிக்கும்வரை அண்ணன் வாசலில் நின்றார். பிறகு வெறும் வண்டியோடு போனார்.

நான் அந்தக் கதவைத் தட்டவே இல்லை. அறை என்னிடம்தான் இருந்தது. ஆனால் அண்ணன் வந்துபோன மறுநாள் காலை, தண்டையார்ப்பேட்டைப் பக்கம் ஏதோ ஒரு ஆலையில் சங்கு ஊதியதும், சோற்றைத் தூக்குவாளியில் அடைத்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டேன். எதிர்வீட்டுக்காரி, "எங்கக்கா கெளம்பிட்ட?" என்று கேட்டாள். அப்புறம்தான் நின்றேன். சந்துமுனையில் ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தூக்குவாளி கையில் சுட்டது. உள்ளே போய் அதைத் தரையில் வைத்துவிட்டு, ரெக்ஸினை விரித்தேன்.