கையில் வருவது எவ்வளவு?

டூ வீலர் ஷோரூமில் லோன் மேஜைக்குப் பின்னால் உட்காருவது என்றால், தலைக்கு மேல் கத்தி தொங்க, முகத்தில் சிரிப்போடு இருப்பது. மாச டார்கெட்டுக்குப் பயந்து வாழும் சக ஜீவன்களே, ஓசூரில் நான் படும் பாட்டையும் கேளுங்கள்.

நாலு வருஷம் போதும்

கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மாசம் எவ்வளவு?" வட்டியோடு மொத்தம் எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கடைசி வருஷம் படிக்கும் ஒருவன், தவணை குறைவாக வருகிறதே என்று நாலு வருஷக் கடனைக் கேட்டான். வட்டி ஏறிவிடுமே தம்பி என்றேன்.

"பரவால்ல மேடம், அதுக்குள்ள இந்த வண்டிய மாத்திருவேன்!"

மஞ்சுளாவின் கணக்கு

உத்தனப்பள்ளி மஞ்சுளாவுக்குப் படிக்கும்போதே ஃபேக்டரியில் வேலை கிடைத்துவிட்டது. ஆஃபர் லெட்டரில் இருந்த வருஷச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்து, ஸ்கூட்டர் தவணைக்கு இவ்வளவு, தன் ஃபீஸுக்காக அம்மா அடகு வைத்த செயினை மீட்க இவ்வளவு என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பி.எஃப்., கேண்டீன், கம்பெனி பஸ் எல்லாம் பிடித்தது போக மிச்சம்தான் கையில் வரும் என்பதை எந்த வகுப்பிலும் அவளுக்குச் சொல்லவில்லை. தவணை நின்றால் என்னைத்தானே கேட்பார்கள்? கழித்துக் காட்டினேன்.

ஸ்கூட்டர், செயின் இரண்டுக்கும் அது போதாது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும் பாவமாக இருந்தது. கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸுக்குத்தான் புடிக்கிறாங்கல்ல மேடம், அதுலயே போயிக்கறேன். மொதல்ல அம்மா செயினு."

வாசலில் நின்ற மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

செயினோடு வந்த அம்மா

போன மாதம் மஞ்சுளா திரும்பி வந்தாள். கூட வந்த அம்மாவின் கழுத்தில் செயின்! அந்த அம்மாள் "மஞ்சி அம்மாயி" என்று தெலுங்கில் கொஞ்சி என் கன்னத்தைத் தொட்டார். நல்ல பொண்ணாம்.

மேனேஜர் தாமே ஓடி வந்து நாற்காலி போட்டார். மஞ்சுளா ஆரம்பித்தாள்: மொத்தம் எவ்வளவு, பிராசஸிங் சார்ஜ் எதற்கு, முன்னாடியே அடைத்தால் அபராதம் உண்டா, இன்சூரன்ஸை வெளியில் எடுத்தால் குறையுமா. பக்கத்து மேஜைப் பையன்களும் தங்கள் கொட்டேஷனை எடுத்து அதையே கேட்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

எல்லாக் காலேஜிலும் இதைப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் நெஞ்சார்ந்த ஆசை, வகுப்பை மட்டும் என் டார்கெட் முடிந்த பிறகு ஆரம்பித்தால் புண்ணியமாகப் போகும்.