கட்டில் காலில் செங்கல்

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனபோதுதான் அந்த நான்கு லைன் வீடுகள் விலைக்கு வந்திருப்பது தெரிந்தது. பின்னால் காய்ந்த ஓடை. வருகிற வாடகையிலேயே வங்கிக் கடன் தவணையைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உள்ளே கட்டில்களெல்லாம் செங்கல் மேல் நின்றன. அடியில் சாமான் வைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் கடன் உறுதியானதும் அட்வான்ஸ் கொடுக்கப் போனேன். நல்ல வெயில். குடியிருந்த அக்கா அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மலையில மழை தம்பி, தண்ணி வரும். வீட்டுக்காரக சொல்லலையா? வாங்க, அங்கன மேட்டுல ஏறிருவோம்!"

அவரோடு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு மழையில்லாத வெயிலில், ஓடை மரக்கிளைகளோடு செக்கச்செவேலென்று புரண்டு வந்து நான்கு வீட்டுக்குள்ளும் புகுந்தது. பயப்படக்கூடத் தோன்றவில்லை, வாயைப் பிளந்து நின்றேன்.

இப்போது வாடகைக்கு விட வீடு வாங்கப் போனால், முதலில் குனிந்து கட்டில் காலைத்தான் பார்க்கிறேன்.