அக்கா வீட்டுப் பொறத்தால உள்ள பொகை

எங்க டவுணு குப்பைய எல்லாம் கொண்டு தட்டுகது எங்க அக்கா வீட்டுக்குப் பொறத்தாலதான். தட்டுகது யாருன்னா, நான்தான். படிப்பு பத்தோட நின்னுது, லைசன்ஸ் எடுத்து குப்பை டெம்போவுல ஏறியாச்சு. அக்காவ கெட்டிக் குடுக்கும்போ அங்க குப்பை ஒரு ஓரமாத்தான் கெடந்து. அத்தான் கல்ஃபுல கெடந்து கஷ்டப்பட்டு வீட்ட கெட்டி முடிக்கதுக்குள்ள அது மலையா வளந்துட்டு.

லோடு தட்டிட்டு நேரா அவ அடுக்களைக்குப் போவேன். "எக்கா, மத்தவனெல்லாம் பொங்கலுக்குத்தான் கூடப்பொறந்தவளுக்குச் சீரு, படின்னு கொண்டு குடுப்பான். நான் ஒனக்கு தெனமும் டெம்போவுல கொண்டு வாறேன் பாத்தியா"ம்பேன். "சவத்துப் பயலே, மொதல்ல சோப்பு போட்டு கைய கழுவு"ன்னுட்டு சாயாவ நீட்டுவா.

இந்தச் சிரிப்பெல்லாம் தீ பிடிக்காத நாளைக்குத்தான். மலை உள்ளுக்குள்ள பொகையத் தொடங்கிட்டுன்னா, சன்னல் எல்லாத்தையும் அடைச்சிட்டு கதவுக்கடியில ஈரத்துணிய திருகி வப்பா. அவ மவனுக்கு மூச்சு இழுப்பு உண்டு. அத்தான் போன்ல தீத்துச் சொல்லிட்டாரு, பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள பொகை நிக்கலன்னா வீட்ட வித்துட்டுப் போயிரணும்னு. அக்காளுக்கு மனசே இல்ல. சொவரு எழும்ப எழும்ப கூட நின்னு தண்ணி ஊத்துனவ அவளாக்கும்.

அந்தச் சமயத்துலதான் முனிசிபாலிட்டி ஆபீசுல பிளாஸ்டிக்கையும் பேப்பரையும் தனியா எடுக்கணும்னு ரெண்டு வார்டுல தொடங்குனாவ. டெம்போவுக்கு நடுவுல பலகை அடிச்சு ரெண்டாக்கியாச்சு. எரியக்கூடிய சாமான் மலைக்குப் போகலன்னா பொகை எங்கேருந்து வரும்? அக்கா அதத்தான் நம்பிட்டிருந்தா.

ஆளுவள குப்பைய பிரிக்க வைக்கதுக்குள்ள எனக்குத் தொண்டத் தண்ணி வத்திப் போச்சு. ஒரு வீட்டுல சாளை மீனு தலைய பால் கவருக்குள்ள சுருட்டிக் குடுத்தாவ. "மைனி, இது பிளாஸ்டிக் சாளையா, பேப்பர் சாளையா?"ன்னு தெருவுக்கே கேக்க கேட்டேன். அவியளுக்கே சிரிப்பு வந்துட்டு. மறுநாள்லேருந்து ஒழுங்கா குடுத்தாவ. திட்டுனா கேக்காத ஆளுவ கேலிக்கு கேக்கும். ரெண்டு வார்டும் கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லுகமாதிரி ஆயிட்டு.

ஆனா மத்த வார்டு குப்பையெல்லாம் பழையபடி ஒண்ணாத்தான் வந்துட்டிருந்து. எல்லா எடத்துலயும் எப்போ பிரிச்சு எடுப்பாவன்னு அக்கா என்னைய பாக்கும்போதெல்லாம் கேப்பா. நான் ஆபீசுல போய் கேப்பேன். இன்னொரு டெம்போ வரணும், பிரிக்கதுக்கு ஒரு தகரச் செட்டு போடணும்னு சொல்லுவாவ. மே மாசக் கடைசியிலயும் செட்டுக்கு தூணு மட்டும் மொட்டையா நின்னுது.

அந்த வாரம் மலையில மறுபடியும் தீ பிடிச்சுது. மருமவன ஆசுபத்திரியில மூக்குல மாஸ்க்கு வச்சு இருத்தியிருந்தாவ. அக்கா அவன் பக்கத்துல இருந்தே அத்தானுக்கு போன் போட்டா. அவரு ஒண்ணும் கேக்கதுக்கு முந்தி, "வித்துருங்கோ"ன்னு அவளே சொன்னா.

வந்தவன் கேட்ட வெலைக்கு வீடு போச்சு. குப்பை மேட்டுக்குப் பக்கத்துல உள்ள வீட்டுக்கு எவன் கூடுதலா குடுப்பான்? குழித்துறைப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பாத்து அக்காவும் பையனும் போனாவ. அவ போன பொறவுதான் செட்டும் முடிஞ்சுது, ரெண்டாவது டெம்போவும் வந்துது. இப்போ எல்லா வார்டுலயும் பிரிச்சுத்தான் எடுக்கோம். இந்த வருசத்து வெயிலுக்கு மலையில ஒரு பொறி கூட பிடிக்கல. கொஞ்சம் முந்தி செஞ்சிருக்கப்பிடாதான்னு யாருட்ட போய் கேக்க?

வீட்ட வாங்குனது பழைய பிளாஸ்டிக் எடுக்கிற ஏவாரி. பிரிச்ச சாக்கெல்லாம் நான் கொண்டு அடுக்குகது அக்கா படுத்த முறிக்குள்ள, அவ கட்டிலு கெடந்த எடத்துலதான். இத அவகிட்ட சொல்லல.

போன வாரம் நான் அங்க சாக்கு எறக்கிட்டிருந்தப்போ அவ போன் பண்ணினா. பையன் நல்லா ஓடி வெளையாடுகான்னு சொன்னா. பொறவு சத்தத்தக் கொறச்சு பைய கேட்டா, "லே, அங்க இப்பவும் பொகை உண்டா?"

நான் அண்ணாந்து பாத்தேன். வானம் கழுவி விட்டமாதிரி கெடந்து.

"அத ஏன் கேக்க? இன்னைக்கும் கண்ணு தொறக்க முடியலக்கா."



"அப்போ நாங்க வந்தது நல்லதுதான், என்ன மக்கா?"

"நல்லதுதான்"னேன்.